எழுத்தின் வீடு தெரிந்தவள்

மருங்காபுரிப் பக்கம் மூன்று வருஷம் அடுத்தடுத்து மழை பொய்த்தது. கிணற்றில் தவளைச் சத்தம்கூட நின்றுபோயிற்று. உழவு மாடு இரண்டையும் மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போன வீரமலை, சாயங்காலம் வெறும் கயிற்றோடு திரும்பி வந்தான். கயிற்றைப் பார்த்த அவன் மனைவி மாரியாயி சட்டி பானைகளை எடுத்துச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். ஒரே மகள் பொன்னுத்தாயைத் துவரங்குறிச்சியில் கட்டிக் கொடுத்தாயிற்று. இனி அந்தக் காட்டில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது?

1953ஆம் வருஷம் ஆடி பிறக்கும் முன்பே இருவரும் திருச்சிக்கு வந்து, எடமலைப்பட்டி புதூரில் ஒரு கூரை வீட்டில் குடியேறினார்கள். வீரமலைக்குக் காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. மாரியாயிக்குப் பாலக்கரையில், பரக்கத் அலி என்பவர் நடத்திவந்த அச்சாபீசில் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்கும் வேலை.

மாரியாயிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. ஒல்லியான உடம்பு, வேகமான நடை, குறைந்த பேச்சு. ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்கமாட்டாள். ஊரில் நூறு ஆடு கலந்து மேய்ந்தாலும், எது யார் வீட்டு ஆடு என்று வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கியதோடு சரி.

பிரஸ் பெரியதில்லை. காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மெஷின் ஒன்று. சுவரோரம் சாய்த்து வைத்த மரப்பெட்டிகள் நாலு. அவற்றில் இருநூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரே எழுத்து, ஈயத்தில் வார்த்தது, குவியலாகக் கிடக்கும். அந்த எழுத்துகளைப் பொறுக்கிக் கையிலிருக்கும் தகட்டில் வரிவரியாகக் கோப்பவர் அமிர்தசாமி. நாற்பது வயது, மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். அதனாலோ என்னவோ அவர் வாய் சும்மா இருக்காது. எந்தச் சொல்லைக் கோக்கிறாரோ அதை இழுத்து இழுத்து முணுமுணுத்துக்கொண்டே கோப்பார். மெஷினை மிதிப்பவன் சவரிராயன். வாலிபன், முன்கோபி.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு ஜவுளிக்கடை நோட்டீஸ் ஐந்நூறு அச்சாகி வந்தது. அவற்றை மடித்து வைக்கச் சொன்னார்கள். மாரியாயி நகத்தால் நீவி நீவி, ஓரம் பிசகாமல் மடித்து அடுக்கினாள். சவரிராயன் வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தான். கடையின் பெயர் உட்பக்கம் போய், வெறும் காலித் தாள் வெளியே தெரிந்தது. ஐந்நூறும் அப்படித்தான்.

"தற்குறியக் கூட்டியாந்து வேலைக்கு வச்சா இப்படித்தான் விடியும்!" என்று அவன் கத்தினான்.

மாரியாயி எல்லாவற்றையும் பிரித்து, கேட்டுக் கேட்டு, மறுபடி மடித்தாள். அது வசவு என்பது அவளுக்குத் தெரிந்தது. என்ன வசவு என்பதுதான் தெரியவில்லை. நாயையும் கழுதையையும் சொல்லித் திட்டினால் விளங்குகிறது. தற்குறி என்றால் எந்த மிருகம்? யாரிடம் கேட்பது? கேட்டால் அதற்கும் அதே வசவு விழுமோ என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

அடுத்த தை மாதம் ஒரு மத்தியானம் நடந்தது இது. எழுத்துகளை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்டினால் ஒரு பக்கம் ஆகும். அதைப் பாரம் என்பார்கள். அச்சடித்து முடிந்த பாரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த சவரிராயன் கை நழுவவிட்டான். ஆயிரக்கணக்கான எழுத்து தரையெல்லாம் சிதறிப்போயிற்று. அமிர்தசாமி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதப் பிரிச்சுப் போட ரெண்டு நாளாகுமேடா பாவி! சரி, சாப்பிட்டுட்டு வந்து பாப்போம்."

ஆண்கள் சாப்பிடப் போனார்கள். மாரியாயி தூக்குச் சட்டியைத் திறக்கவில்லை. எழுத்துகளில் ஒரு பகுதியை முறத்தில் அள்ளிக்கொண்டு பெட்டி முன்னால் போய் நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து அமிர்தசாமி திரும்பியபோது முறத்தில் பாதி காலியாகியிருந்தது.  கண்ட கண்ட அறையில் கொட்டிவிட்டாளோ என்று பதறிப்போய், ஓர் அறையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். எல்லாம் 'க'. இன்னோர் அறை. எல்லாம் 'து'. எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்களே தடுமாறுகிற ரகரத்தையும் துணைக்காலையும் எடுத்துப் பார்த்தார். அவையும் கலக்கவில்லை.

"மாரியாயி, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்கண்ணே."

"அப்புறம் இத எப்படிப் போட்ட?"

"எது எந்த வீட்டுதுன்னு தெரியும். ஆறு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இதுக்கு வாலு இருக்கு, அதுக்கு இல்ல. ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயி அதது பட்டியில அடைக்கிறாப்பலதாங்க."

அமிர்தசாமி முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். பரக்கத் அலி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாலைந்து அறைகளைச் சோதித்தார்.

"மாஷா அல்லா! இந்தாம்மா, நாளைலேருந்து நீ வெளக்குமாத்தத் தொட வேணாம். எழுத்துப் பிரிச்சுப் போடுற வேலையப் பாரு. பெருக்குறதுக்கு வேற ஆள் பாத்துக்கலாம்."

சவரிராயன் மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

இப்படியாக மாரியாயி எழுத்தோடு வாழத் தொடங்கினாள். அச்சடித்து முடித்த வரிகளைத் தண்ணீரில் நனைத்து இடதுகையில் ஏந்தி, வலதுகையால் ஒவ்வொன்றாக உருவி அதனதன் அறையில் போடுவாள். பக்கத்தில் அமிர்தசாமி முணுமுணுத்துக்கொண்டே கோப்பார். கொஞ்ச நாளில் அவளுக்கு ஒன்று புலப்பட்டது. அவர் வாய் என்ன சொல்கிறதோ அதற்கேற்ற அறைக்குத்தான் கை போகிறது. முதலில் அவள் பிடித்துக்கொண்டது 'ம்'. உதடு மூடுவது தூரத்திலிருந்தே தெரியுமே! உதடு மூடி முனகும்போதெல்லாம் கை ஒரே அறைக்குப் போயிற்று. பிறகு 'அ', பிறகு 'க'. தலையில் புள்ளி வைத்தால் எழுத்து வாயை அடக்கிக்கொள்ளும் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆடு மேய்க்கும்போது ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு பெயர் வைப்பாள். இப்போது பெயர் ஏற்கெனவே இருந்தது, அவள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

எல்லா எழுத்துக்கும் பெயர் தெரிய இரண்டு வருஷம் பிடித்தது. ஆனால் ஒரு சங்கடம். ஈய எழுத்து, தெப்பக்குளத்துத் தண்ணீரில் மலைக்கோட்டை தெரிவதுபோலக் கையில் தலைகீழாகத் தெரியும். அவளுக்குப் பழகியது அந்த முகம்தான். அச்சான தாளை எடுத்தால் எல்லா எழுத்தும் எழுந்து நின்றுகொண்டு அந்நியமாகப் பார்த்தன. அவள் ஒரு வழி கண்டாள். நோட்டீசைத் தலைகீழாகத் திருப்பி, முதுகுப்புறம் தன்னைப் பார்க்கும்படி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், எழுத்தெல்லாம் தெரிந்த முகத்தோடு வந்து நிற்கும்.

ஒருநாள் அமிர்தசாமி அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாரியாயி, நோட்டீசச் சூரியனுக்குக் காட்டுறியா?"

"படிக்கிறேங்கண்ணே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்தபிறகுதான் அவள் சொன்னது அவர் காதில் ஏறியது. கோத்துக்கொண்டிருந்த தகட்டைக் கீழே வைத்தார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

1957இல் ஒரு சின்னப் புத்தக வேலை வந்தது. ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியிலிருந்து சௌரிராஜ ஐயங்கார் என்பவர் கொண்டுவந்தார். பத்திரப் பதிவு ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பத்திரங்களில் வருகிற சொற்களை எல்லாம் சேர்த்து, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருந்தார். பிரஸ்ஸில் எழுத்து அவ்வளவு இல்லை. அதனால் எட்டுப் பக்கம் கோத்து அச்சடித்து, அதைப் பிரித்துப் போட்டபிறகுதான் அடுத்த எட்டைக் கோக்க முடியும்.

அப்படி ஒரு பக்கத்தைப் பிரிக்க மாரியாயி ஒரு வரியைக் கையில் ஏந்தினாள். வழக்கம்போல வாய் தானாக ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்த்தது. த... ற்... கு... றி...

கை நின்றுவிட்டது.

நாலு வருஷமாக உள்ளுக்குள் கிடந்த சொல், ஈரம் சொட்டச் சொட்ட அவள் உள்ளங்கையில் கிடந்தது. அதுவரை அவள் எழுத்தைத்தான் படித்திருந்தாள். ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும் என்று படித்ததில்லை. இப்போது தெரிந்தாக வேண்டியிருந்தது. வரியைத் திரும்பச் சட்டத்தில் வைத்துவிட்டு, விரலை வைத்துக்கொண்டு அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று போனாள். மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று. "தன் குறி என்பது தற்குறி என்றாயிற்று. எழுத அறியாதவர் கையொப்பத்துக்குப் பதிலாகத் தம் கையால் இடும் அடையாளம். பின்னாளில் அடையாளம் இடுபவரையே சுட்டலாயிற்று." இவ்வளவுதான். இதைப் படிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. படித்தபிறகும் முழுக்கப் பிடிபடவில்லை. ஆனால் அது மிருகம் இல்லை என்பது தெரிந்துபோயிற்று.

அந்த வாரம் திருத்தம் பார்க்கும் தாள்களை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுபோகிறவனுக்குக் காய்ச்சல். "நான் கொண்டு போறேனுங்க" என்றாள் மாரியாயி. அவளாக ஒன்று கேட்டது அதுதான் முதல்தடவை என்பதால் பரக்கத் அலியும் மறுக்கவில்லை.

அந்நாளில் உச்சி கட்டப்படாமல் நின்ற மொட்டைக் கோபுரத்தடியில் டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கி, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் நின்று குரல் கொடுத்தாள். ஐயங்கார் வெளியே வந்து தாள்களை வாங்கிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. அந்த நாளின் வழக்கம் அது. ஆனால் தாளை வாங்கிக்கொண்டு உள்ளேயும் போய்விடவில்லை. வெளிப்படியில் உட்கார்ந்து அங்கேயே திருத்த ஆரம்பித்தார். அவர் பேனாவை மூடும்வரை காத்திருந்துவிட்டு மாரியாயி கேட்டாள்.

"சாமி, தற்குறின்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே... அது வசவுதானுங்களே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ வாசிச்சியா?"

"ஆமாங்க. ஈயத்துல வாசிச்சேன்."

அதற்கு அவர் ஆச்சரியமும் காட்டவில்லை, மெச்சவும் இல்லை. தன் விஷயத்தில் அக்கறையுள்ள ஓர் ஆள் அகப்பட்ட சந்தோஷம்தான் முகத்தில் தெரிந்தது.

"வசவே இல்லைம்மா. கட்டைவிரல் ரேகை உருட்டற வழக்கம் வரதுக்கு முந்தி இருந்த பத்திரமெல்லாம் ஆபீஸ்ல பார்த்திருக்கேன். எழுதத் தெரியாதவா ஆளுக்கொரு குறி போடுவா. உழறவன் ஏர் போடுவான். தச்சன் உளி போடுவான். உறையூர்க்காரி ஒருத்தி, தறியில ஓடற நாடாவை அப்படியே வரைஞ்சு வச்சிருந்தா. அத்தனை அழகு! பத்திரம் எழுதறவன் பக்கத்துல 'இது இன்னார் தற்குறி'ன்னு எழுதி வைப்பான். தன்னோட குறி. தானே இட்ட குறி. அவ்வளவுதான் அர்த்தம்."

"அப்ப அது கையெழுத்துத்தானுங்க?"

"கையெழுத்துக்கு மூத்தவள்னு வச்சுக்கோயேன். எழுதத் தெரிஞ்சவா அதை வசவாக்கிட்டா. சொல்லு என்ன பண்ணும், பாவம்!"

மாரியாயி கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு வாசிக்க வருதுங்க. எழுதத்தான் வராது."

"கோலம் போடுவியோ?"

"நல்லாப் போடுவேனுங்க. இருபத்தோரு புள்ளி வரைக்கும்."

"கண்ணுக்கு மை எழுதறதுன்னு சொல்றோமோன்னோ? சித்திரம் எழுதறதுன்னும் சொல்றோம். எழுதறதுன்னா ஆதியில வரையறதுதான். கோலம் போடற கைக்கு எழுத்து என்ன பிரமாதம்? எம்பெருமான் கிருபையில க்ஷேமமா எழுது, போ." சொல்லிவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி ஒரு லோட்டா மோர் கொண்டுவந்து வைத்தாள். அதை அண்ணாந்து குடித்துவிட்டு, திருத்திய தாள்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு மாரியாயி புறப்பட்டாள்.

பஸ் காவிரிப் பாலத்தில் வரும்போது அவளுக்குத் தன் தகப்பன் மூக்கனின் நினைவு வந்தது. களத்தில் கம்பு அடித்துக் குவித்ததும், ஆள் கைவைத்தால் தெரியட்டும் என்று குவியலின்மேல் சாம்பலால் ஓர் ஏர் வரைந்து வைப்பார். ஒரே இழுப்பில் வரைவார். கொழு கொஞ்சம் நீண்டிருக்கும். அதைப் பார்த்தால் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது, இது மூக்கன் கம்பு. 'எங்க அப்பாரும் எழுதத்தான் செஞ்சிருக்காரு' என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் என்ன சிரிக்கிறாய் என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

அன்று முதல் அவள் எழுதத் தொடங்கினாள். வீட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் முதலில் எழுதிய எழுத்துகள் எல்லாம் தலைகீழாக விழுந்தன. கைக்குத் தெரிந்தது ஈயத்தின் முகம்தானே! வீரமலை சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் நின்னு பாக்கணும்?" என்று கேட்டான். அவனுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். அமிர்தசாமியிடம் காட்டியபோது, "இதக் கொளத்தங்கரையில போயி எழுது, தண்ணிக்குள்ள இருக்கவங்க படிப்பாங்க" என்றார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அச்சான தாளைத் தரையில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தையும் நிமிர்த்தி நிறுத்தினாள்.

ஒருநாள் சவரிராயன், மெஷினில் கெட்டுப்போன தாள்களை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

"பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. எழுதிப் பாருங்கக்கா" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவன் அவளை அக்கா என்று அழைத்தது அன்றுதான்.

"ஒரு பென்சிலும் குடுத்தா எழுதுவேன்" என்றாள் அவள். காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

1959 ஐப்பசியில் துவரங்குறிச்சியிலிருந்து ஒரு கார்டு வந்தது. மருமகன் எழுதியிருந்தான். மாரியாயி அதைக் கையில் வாங்கியதும் திகைத்துப்போனாள். அச்செழுத்து ஒழுங்காக வரிசையில் நிற்கும். இந்தக் கையெழுத்தோ ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு சந்தைக் கூட்டம்போல ஓடியது. எதிர்வீட்டில் ரயில்வே ஆபீஸ்காரர் ஒருவர் இருந்தார், அவரிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் படித்துச் சொல்லிவிடுவார். அவள் கொடுக்கவில்லை. இரண்டு நாள் அந்தக் கார்டோடு மல்லுக்கட்டினாள். வேலைவிட்டு வந்த வீரமலையும் அவசரப்படுத்தாமல், நெல் வேகக் காத்திருப்பவன்போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"என்னமாச்சும் தெரியுதா?"

"பொறுங்க. 'கிணத்துல'ன்னு இருக்கு... 'தண்ணி'... 'தண்ணி ஏறிடுச்சு.' ஏங்க, நல்ல மழையாம்! நம்ம கிணத்துல தண்ணி மேல வந்திருச்சாம்!"

வீரமலை எழுந்து நின்றுவிட்டான். வீட்டுக்குள்ளேயே நாலடி இப்படியும் அப்படியும் நடந்தான்.

"அப்ப ஊருக்கே போயிடலாமா, மாரி?"

"அங்க எழுத்துப்பெட்டி இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

அவன் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். பொங்கலுக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து, பொன்னுத்தாய் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். காட்டை மருமகனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1961 பிப்ரவரியில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தார்கள். புதூருக்கு வந்தவர் பிலோமின்ராஜ் என்ற இளம் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலை, வீரமலை மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். மாரியாயி முக்காலியை எடுத்துப் போட்டாள். வாத்தியார் கணக்குச் சீட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

"குடும்பத் தலைவர் பேரு சொல்லுங்கம்மா."

மாரியாயி சேலைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனாள். கட்டியவன் பெயரை வாயால் சொல்வது அவள் பிறந்த மண்ணில் வழக்கமே இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் ஒருதடவைகூட அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

"அவருதாங்க... எங்க வீட்டுக்காரரு."

"அது தெரியுதும்மா. பேரு வேணுமே, எழுதணும்."

"பக்கத்து வீட்டுல கேளுங்களேன்."

"பக்கத்து வீடு பூட்டியிருக்கு. இன்னும் நாப்பது வீடு போகணும், கொஞ்சம் தயவு பண்ணுங்க."

அவள் சட்டென்று கையை நீட்டினாள். "அந்தப் பென்சிலக் குடுங்க."

ஒரு துண்டுத் தாளை வாங்கித் தரையில் வைத்து, குந்தி உட்கார்ந்து எழுதினாள். வீ. ர. ம. கடைசியில் வருகிற 'லை'யை அந்த நாளில் யானைத் தும்பிக்கைபோல ஒரு வளைவு வைத்துத்தான் எழுதுவார்கள். அந்த வளைவை மட்டும் அவள் ஆற அமர, ஆசையாக வரைந்தாள். தாளை நீட்டினாள். வாத்தியார் பார்த்தார். அச்சில் வார்த்தது போலிருந்தது.

"வீரமலை!" என்று அவர் உரக்கப் படித்தார்.

"ஆமாங்க" என்றாள் மாரியாயி. முகம் சிவந்துவிட்டது.

வாத்தியார் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, மாரியாயியின் சீட்டில் ஓரிடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். "எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. வாத்தியார் தன் கையிலிருந்த துண்டுத் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு சின்னக் கடுதாசி எழுதவும் படிக்கவும் முடிஞ்சாப் போதும்மா, எழுத்தறிவு உண்டுன்னு போடணும்னு எங்களுக்குச் சொல்லியிருக்காங்க. எங்க, இதப் படிங்க பாப்போம்" என்று தன் பையிலிருந்த சுற்றறிக்கையை நீட்டினார். அவள் இரண்டு வரி படித்தாள். மூன்றாவது வரியில் ஓர் எழுத்து அச்சில் பிசகியிருப்பதையும் சொன்னாள். "இங்க கொம்பு மாறிப் போயிருக்குதுங்க."

"எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?"

"ஸ்கூல்ல படிக்கலீங்க. பாலக்கரையில."

"எத்தனாவது வரைக்கும்?"

"வகுப்பெல்லாம் இல்லீங்க. ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் சீட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதுகிறார் என்று அவள் எட்டிப் பார்த்தாள். எழுத்தறிவு உண்டு, பள்ளி வகுப்பு இல்லை என்று குறித்திருப்பதாக அவரே சொன்னார். சாயங்காலம் வீரமலையிடம் இதைச் சொன்னபோது, அவன் மற்ற எதையும் கேட்கவில்லை. "எம் பேர எழுதினியா? எங்க, எழுதிக் காட்டு" என்றான். எழுதிக் காட்டினாள். அவன் அந்தத் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மார்க்கெட்டில் நாலு பேரிடமாவது காட்டியிருப்பான். "நீங்களும் கத்துக்கறீங்களா?" என்று அவள் கேட்டதற்கு, "ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும்" என்றுவிட்டான்.

அதன்பிறகு புதூரில் அந்தத் தெருப் பெண்கள் கார்டு வந்தால் மாரியாயி வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. ரயில்வே ஆபீஸ்காரர் படித்தால் விஷயத்தை மட்டும் சொல்வார். மாரியாயி எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிப்பாள். கேட்கிறவளுக்கு அழவும் சிரிக்கவும் நேரம் இருக்கும். ஒரு கோடையில், தெருவுக்குக் குழாய் வேண்டும் என்று மனு எழுதினாள். நாலு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவதுதான் ஒழுங்காக வந்தது. மனுவை வாங்கிய குமாஸ்தா, "இத அச்சடிச்சா கொண்டாந்தீங்க?" என்று கேட்டாராம். குழாய் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. மனுவால் வந்ததா, தானாக வந்ததா என்று யாருக்கும் தெரியாது. தெருவார் மனுவால்தான் என்றார்கள்.

1963இல் பரக்கத் அலி இன்னொரு மெஷின் வாங்கினார். வேலை கூடிவிட்டதால் அமிர்தசாமி ஒருவரால் கோக்க முடியவில்லை. மாரியாயி கோக்கட்டும் என்று அமிர்தசாமிதான் சொன்னார். முதல் இரண்டு வாரம் அவளுக்குக் கை கூசியது. பத்து வருஷமாக எழுத்தை வீட்டுக்கு அனுப்பியே பழகியவள். இப்போது வீட்டிலிருந்து வெளியே அழைத்து வரவேண்டும். போகப் போக அமிர்தசாமியைப்போலவே அவளும் முணுமுணுத்துக்கொண்டு கோக்க ஆரம்பித்தாள். "ரெண்டு பாட்டுக்காரங்க நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்" என்று சவரிராயன் புலம்பினான்.

அடுத்த வருஷம் அமிர்தசாமியின் மகள் லூர்துக்குக் கல்யாணம். பத்திரிகையைத் தானே கோக்கலாம் என்று உட்கார்ந்தவருக்குப் பாதியில் கண் கலங்கிவிட்டது. தகட்டை மாரியாயியிடம் கொடுத்துவிட்டார். தலைப்பில் சிலுவையிலிருந்து கடைசி வரிவரை முழுதும் அவள் கோத்த முதல் பத்திரிகை அது. நாலுமுறை சரிபார்த்தாள்.

கல்யாணத்துக்கு வீரமலையையும் அழைத்துக்கொண்டு போனாள். மாதா கோயில் பூசை முடிந்து, பந்தலில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். பெயர் அற்புதம்மாள் என்றும், மாப்பிள்ளைக்குச் சித்தி முறை என்றும் சொன்னாள். கையில் பத்திரிகை இருந்தது. சற்றுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாரியாயியின் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள்.

"உங்களுக்குப் படிக்க வருங்களா? எம் பேரும் போட்டிருக்கறதாச் சொன்னாங்க. எங்க இருக்குன்னு தெரியல."

"வருங்க, குடுங்க" என்றாள் மாரியாயி.

அவளே கோத்தது, தாளைப் பார்க்காமலே சொல்லியிருக்கலாம். ஆனாலும் மடியில் விரித்து வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். அற்புதம்மாளின் பெயர் வந்ததும் நிறுத்தினாள். அந்த அம்மாள் குனிந்து, பெயரிருந்த இடத்தைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தாள். முதல் எழுத்து எது, கடைசி எழுத்து எது என்று கேட்டாள். மாரியாயி காட்டினாள். இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை காட்டினாள்.

அதற்குள் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். வீரமலை இரண்டு இடம் பிடித்து வைத்துக்கொண்டு கையசைத்தான். "மூணா புடிங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, அற்புதம்மாளையும் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு மாரியாயி சாப்பிடப் போனாள்.